கேமராவின் சாவி யாரிடம்? சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு வடசென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்கள், புது டெல்லி.
இந்தியாவில் பயணிகள் விமானங்களை இயக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். முப்பத்திரண்டு ஆண்டுகள் தோல்பையும் விசிலுமாக நின்றபடியே பிழைத்தவன். என் அண்ணன் மகள் ஆறு ஆண்டுகளாக விமானத்தில் கேபின் பணியாளராக வேலை பார்க்கிறாள். போக்குவரத்துக் காவலர்கள் சட்டையில் அணிந்திருப்பதைப் போன்ற சிறிய கேமராவை விமானப் பணியாளர்களும் அணியலாமா என்ற பேச்சு இப்போது எழுந்திருக்கிறது. விதி வந்த பிறகு மனுப் போடுவதைவிட வரும் முன்பே எழுதிவிடுவது மேல் என்று, தொழிற்சங்கக் கிளையில் மனு எழுதிப் பழகிய கை சொல்வதால் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்தக் கேமரா கூடவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் இரவு, மின்ட் என்று நாங்கள் சொல்லும் வள்ளலார் நகரிலிருந்து திருவொற்றியூருக்குப் போன நடையில், குடித்திருந்த ஓர் இளைஞர் சில்லறைத் தகராறில் என் சட்டையைப் பிடித்து உலுக்கி அறைந்தார். வண்டியில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். டோல்கேட் நிறுத்தத்தில் அவர் இறங்கி நடந்தார். அடுத்தடுத்த நிறுத்தங்களில் மற்றவர்களும் இறங்கிப் போய்விட்டார்கள். பார்த்த சாட்சி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டபோது என்னிடம் காட்டுவதற்கு அறுந்துபோன இரண்டு பொத்தான்கள்தான் இருந்தன. அன்று என் சட்டையில் ஒரு கேமரா இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ இரவு நினைத்துக்கொண்டதுண்டு. இன்று மாநகரப் பேருந்துகளில் கேமராவும் அவசரப் பொத்தானும் இருப்பதைப் பார்க்கும்போது, இவை எனக்குப் பிந்தி வந்துவிட்டன என்ற சின்ன வருத்தம்கூட உண்டு.

எனக்காவது விசில் இருந்தது. ஊதினால் வண்டி நிற்கும். நிலைமை மிஞ்சினால், "நேரா ஸ்டேஷனுக்கு விடுப்பா" என்று ஓட்டுநரிடம் சொல்லலாம். விமானத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகளுக்கு அந்த வசதியும் இல்லை. ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் நூற்றெண்பது பயணிகளுக்கு நான்கு பணியாளர்கள், கதவு திறக்கவே முடியாத ஒரு கூண்டுக்குள் நிற்கிறார்கள். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது இடுப்பில் படும் கை யாருடையது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லோரும் தூங்குவதுபோல் இருப்பார்கள் என்று அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் கணக்குப்படி 2021-இல் 835 விமானப் பயணங்களுக்கு ஒன்று என்றிருந்த ஒழுங்கீனச் சம்பவம், 2022-இல் 568-க்கு ஒன்று என்றும் 2023-இல் 480-க்கு ஒன்று என்றும் நெருங்கி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டு மட்டும் ஏறத்தாழ 6,000 புகார்கள் பதிவாயின. முகக்கவசம் அணியச் சொன்னதால் எழுந்த சண்டைகளே அவற்றில் பெரும்பான்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் ஏற்கெனவே கேமராவுக்கு நடுவில்தான் வேலை பார்க்கிறாள். விமானத்துக்குள் பயணிகள் படம் எடுப்பது குறித்து 2020 செப்டம்பரில் உங்கள் இயக்குநரகமே விளக்கம் தந்தது. ஒழுங்கைக் குலைக்காமலும் பாதுகாப்புக்கு இடையூறு இல்லாமலும் எடுக்கலாம் என்பதே அதன் சாரம். ஆகவே ஒரு வாக்குவாதம் கிளம்பினால் இருபது கைபேசிகள் அவள் முகத்துக்கு நேரே நீளுகின்றன. அவற்றில் ஒன்றுகூட அவள் பக்கத்திலிருந்து எடுக்கப்படுவதில்லை. தனக்கென்று ஒரு பதிவு வேண்டும் என்று அவளைப் போன்றவர்கள் கேட்டால் அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் எழாது.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேமரா அணிந்தவர் நடைபாதையில் வந்தால் அதன் கண்ணுக்கு என்னென்ன தெரியும் என்று பார்க்க, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒட்டிப் போட்டோம். ஜன்னலோரம் என் அண்ணி, நடுவில் என் பேரன், நடைபாதை ஓரம் நான். அண்ணன் மகள் ஒரு தீப்பெட்டியை, சீருடையில் பெயர்ப்பட்டை இருக்கும் இடத்தில், துப்பட்டாவோடு சேர்த்து ஊக்குக் குத்திக்கொண்டு தண்ணீர் டம்ளருடன் வந்தாள். அவள் நிமிர்ந்து நின்றபோது தீப்பெட்டி தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தது. உட்கார்ந்திருந்த என் கண்ணும் ஏறத்தாழ அதே உயரம்தான். அண்ணிக்கு டம்ளரை நீட்ட அவள் குனிந்ததும் தீப்பெட்டி என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. என் மடியில் கைபேசி திறந்து கிடந்தது; வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சித்தப்பா, உங்க பேலன்ஸ் தீப்பெட்டிக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேருந்தின் கூரையில் பொருத்திய கேமராவுக்குத் தலைகள்தான் தெரியும். மார்பில் குத்திய கேமராவுக்கு மடி தெரியும். இரண்டடியை எட்டாத அந்த நடைபாதையில், வாயைத் திறந்தபடி தூங்குகிறவர் இருப்பார். சேலைத் தலைப்புக்குள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய் இருப்பார். சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவரும், சாவுச் செய்தி கேட்டு ஊருக்குத் திரும்பும்போது முகத்தை மூடி அழுகிறவரும் இருப்பார்கள். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சென்னை மருத்துவமனைகளை நம்பி வருகிற நோயாளிகள், மருத்துவ அறிக்கை அடங்கிய உறையை மடியிலேயே வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்து மண்ணடியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் சரக்கு எடுக்கப் போகும் சிறு வியாபாரிகள், கொள்முதல் விலை எழுதிய துண்டுச் சீட்டைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர்களில் யாரும் எந்தத் தகராறும் செய்தவர்கள் இல்லை. தகராறு செய்த ஒருவருக்காக எடுக்கும் படத்தில் இவர்களும் விழுவார்கள் என்பதுதான் சங்கதி.

விழுந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் தங்கைக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு உள்ளது. கையில் இருந்த புடவையைப் பிடித்தபடியே அவள் சாய, விற்பனைப் பெண் ஒருவர் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தாங்கினார். அந்தப் பெண்ணுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறோம். மூன்றாம் நாள் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் 14 விநாடி ஓடும் ஒரு காணொளி வந்தது. புடவையைப் பிடித்திருக்கும் கை, அந்தக் கையைப் பிடிக்கும் இன்னொரு கை, நிலைகுத்திய பார்வை, அவ்வளவுதான். கீழே, "கையும் களவுமாகச் சிக்கிய புடவைத் திருடி" என்று எழுதியிருந்தது. முன்னால் நடந்ததும் இல்லை, பின்னால் நடந்ததும் இல்லை. கடைக்குப் போய்க் கேட்டோம். பதிவை யாருக்கும் கொடுக்கவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஏனென்றால் உற்றுப் பார்த்தபோது காணொளியின் ஓரத்தில் ஒரு திரையின் கறுப்பு விளிம்பும் கல்லாப்பெட்டியின் மூலையும் தெரிந்தன. கல்லாவுக்குப் பின்னால் இருந்த திரையில் ஓடியதை யாரோ தன் கைபேசியில் படம் பிடித்திருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. என் தங்கை இப்போது புடவை எடுக்கப் பெரம்பூருக்குப் போகிறாள்.

இதனால்தான் கேமராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தெளிவு, மின்கலம், எடை என்று அடுக்கும்போது என் மனம் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் இருந்த திரையிடம் போய் நின்றுவிடுகிறது. எடுத்த படம் எங்கே போகிறது, யார் திறக்கிறார், எத்தனை நாள் இருக்கிறது? பணி முடிந்ததும் கருவியைத் தாங்கியில் செருகினால் பதிவு தானாகவே நிறுவனத்தின் கணினிக்கு ஏறிவிடும்; சில கருவிகள் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய அரை நிமிடத்தையும் தாமாகவே சேர்த்துவைக்கும். இந்த அமைப்பை யார் கையில் ஒப்படைப்பது என்பதை வாங்கும்போதே முடிவு செய்யாவிட்டால், பிறகு கேமரா விற்றவரும் வாங்கியவருமே முடிவு செய்துகொள்வார்கள்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. அந்தரங்க உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்தத் தேவையின் அளவைத் தாண்டக் கூடாது. உங்கள் இயக்குநரகம் பிறப்பிக்கும் எந்த விதியும் இந்த அளவுகோலுக்கு உட்பட்டதுதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் என்பது தடையின்றி, நிபந்தனையின்றி, எதற்கென்று தெரிந்து தரப்பட வேண்டும் என்கிறது. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் நிபந்தனையற்ற சம்மதம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? என் பேருந்தில் கேமரா பிடிக்காதவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். விமானப் பயணச்சீட்டு வாங்கும்போது பத்தாவது பக்கத்தில் உள்ள ஒரு கட்டத்தைத் தட்டவைத்துவிட்டு அதையே சம்மதம் என்று பிறகு காட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குற்றத்தைத் தடுக்கவும் விசாரிக்கவும் தரவைக் கையாளும்போது பல கடமைகளிலிருந்து விலக்கும் தருகிறது. தகராறு என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாப் பதிவும் அந்த வாசலுக்குள் நுழைந்துவிடக்கூடும்.

கணினிக்குள் போனது வெளியே வராது என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. ஏர் இந்தியா தன் பயணிகள் 45 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்ததை 2021-இல் அறிவித்தது. தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாட்கள் ஊடுருவிய செய்தி 2024 மே மாதத்தில் வந்தது. அந்தச் செய்தியை எங்கள் பகுதி மக்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் கவலையோடு படித்தார்கள்.

அந்தக் கூடுதல் கவலைக்குக் காரணம் உண்டு. வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவரின் பார்வை மாறுவதை நாங்கள் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறோம். எங்கள் பேச்சின் சத்தமும் அப்படித்தான். மீன் ஏலத்திலும் துறைமுகத்திலும் இரும்புப் பட்டறையிலும் சத்தத்துக்கு மேல் சத்தமாகப் பேசிப் பழகிய தொண்டை இது. "இன்னாம்மா, தண்ணி கேட்டு எவ்ளோ நேரமாவுது" என்று எங்கள் தெருப் பையன் ஒருவன் இயல்பாகக் கேட்பது, இந்தப் பேச்சு அறியாதவர் காதில் மிரட்டலாக விழும். உங்கள் விதியின்படி ஒழுங்கீனம் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வாய்ச் சொல்லாலும் சைகையாலும் தொல்லை தருவது முதல் நிலை. அதற்கு மூன்று மாதம் வரை பறக்கத் தடை. தள்ளுவது, அடிப்பது, தகாத முறையில் தொடுவது இரண்டாம் நிலை. ஆறு மாதம் வரை தடை. உயிருக்கு ஆபத்து விளைவிப்பது மூன்றாம் நிலை. இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தடை. இரண்டாம், மூன்றாம் நிலைகளில் கேமரா உண்மையாகவே உதவும். கை எங்கே பட்டது என்பதைப் படம் காட்டும். முதல் நிலையில் அது குரலைப் பதிவு செய்யும், ஆனால் அந்தக் குரல் எந்த ஊர்க் குரல் என்று அதற்குத் தெரியாது. துபாய்க்கு வேலைக்குப் போகிற ஒருவனுக்கு மூன்று மாதத் தடை என்றால் அந்த வேலை போய்விட்டது என்று பொருள்.

மற்றொரு நாட்டின் அனுபவத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களை வைத்து நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கேமரா அணிந்ததால் பலப்பிரயோகமும் புகார்களும் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததாகத் தெரியவில்லை. குடித்தவர் கேமராவுக்குப் பயப்படுவார் என்பதை நான் நம்புவதில்லை. பன்னாட்டு விமானங்களில் ஊற்றிக் கொடுக்கும் அளவைக் குறைத்தாலே பாதித் தகராறு குறையும் என்பது என் சொந்தக் கருத்து. ஆகவே கேமரா சண்டையைத் தடுக்கும் என்று விற்கப்படுமானால் அதை வாங்காதீர்கள். நடந்த பிறகு உண்மையைச் சொல்லும் என்பது மட்டுமே அதன் பயன், அதுவும் அது நேர்மையான கையில் இருந்தால்தான்.

நிறுவனத்தின் கை மட்டும் போதாதா என்று கேட்டால், 2022-ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டெல்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில் குடிபோதையில் இருந்த பயணி ஒருவர் மூத்த பெண் பயணி மீது சிறுநீர் கழித்ததாகப் புகார் எழுந்தது. ஊருக்குத் தெரியவந்தது அடுத்த ஜனவரியில். உங்கள் இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விமானியின் உரிமத்தையும் மூன்று மாதம் நிறுத்திவைத்தது. 2022 டிசம்பரில் பாரிஸிலிருந்து வந்த விமானத்தில் நடந்த வேறொரு சம்பவத்தைத் தெரிவிக்காததற்காக மேலும் 10 லட்சம் விதித்தது. இந்த இரண்டிலும் குறையாக இருந்தது சாட்சி அல்ல. பணியாளர்களுக்குத் தெரியும், பயணிகளுக்குத் தெரியும். தெரிந்ததை உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை. அப்படிப்பட்ட நாளில் கேமராப் பதிவும் அதே நிறுவனத்தின் பெட்டியில்தான் கிடந்திருக்கும். தனக்குச் சாதகமானதை வெளியில் எடுப்பதும் பாதகமானதைத் தானாக அழிந்துவிட்டது என்று சொல்வதும் எந்த நிறுவனத்துக்கும் வரக்கூடிய ஆசைதான்.

இதற்கு வழி விமானத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. கறுப்புப் பெட்டி என்று எல்லோரும் சொல்கிற, நிறத்தில் ஆரஞ்சாக இருக்கிற அந்தப் பதிவுக் கருவியை 1950-களில் மெல்போர்னில் டேவிட் வாரன் என்ற விஞ்ஞானி முன்வைத்தபோது, தங்களை உளவு பார்க்கும் கருவி என்று சொல்லி விமானிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய பயத்தை உலகம் ஒதுக்கித் தள்ளவில்லை. விமானி அறையின் குரல் பதிவு தன்மேல் தானே எழுதிக்கொண்டு பழையதை அழித்துவிடும்படி அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அரை மணி நேரம், பிறகு 2 மணி நேரம், இப்போது வரும் பெரிய விமானங்களில் 25 மணி நேரம். விபத்தோ பெரிய ஆபத்தோ நேர்ந்தால் அதற்கென உள்ள விசாரணை அமைப்பு அதைத் திறக்கும். அந்தக் குரல்களைப் பொதுவெளியில் விடுவதற்கு, பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு பேரின் குரலுக்கு இவ்வளவு காவல் உண்டென்றால், இந்தப் பக்கம் இருக்கும் நூற்றெண்பது பேரின் முகத்துக்கும் நான்கு பணியாளர்களின் முகத்துக்கும் அதில் பாதியாவது வேண்டும் என்று கேட்பது அதிகப்படியாகாது.

திறப்பதற்கு உரிய ஆளும் உங்கள் விதியிலேயே இருக்கிறார். ஒழுங்கீனப் புகாரை விசாரிக்க ஒவ்வொரு நிறுவனமும் அமைக்க வேண்டிய குழுவுக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் தலைவர். வேறொரு விமான நிறுவனத்தின் பிரதிநிதியும், பயணிகள் அல்லது நுகர்வோர் தரப்பைச் சேர்ந்த ஒருவரும் உறுப்பினர்கள். 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தடை பெற்றவர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இவ்வளவு யோசித்து எழுதிய விதிக்குள் கேமராவைக் கொண்டுவருவது கடினமே அல்ல. வங்கி லாக்கரை நினைத்துப் பாருங்கள். ஒரு சாவி வங்கியிடம், இன்னொரு சாவி நம்மிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். கேமராப் பதிவும் சாவி இல்லாமல் பார்க்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டு, ஒரு சாவி நிறுவனத்திடமும் மற்றொன்று அந்தக் குழுத் தலைவரிடமும் இருக்கட்டும். எழுதப்பட்ட புகார் இல்லாமல் எவரும் திறக்கக் கூடாது. திறக்கும்போது யார், எப்போது, எதற்காக என்பது அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். பார்க்கும் அறைக்குள் கைபேசி போகக் கூடாது. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும் திரையைப் படம் பிடிக்கும் கைபேசிக்கு முன்னால் அது வெறும் பூட்டுதான் என்பதை நாங்கள் அனுபவத்தில் கற்றோம்.

கேமரா எப்போதும் அணைந்தே இருக்க வேண்டும். வாய்ச் சொல் முற்றித் தாக்குதலாக மாறும் என்று பணியாளர் உணரும்போது, "இனிமேல் பதிவு செய்கிறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு இயக்கட்டும். அந்தச் சொல்லைச் சென்னையிலிருந்து புறப்படும் விமானத்தில் தமிழிலும் சொல்லட்டும். அறிவிப்பைத் தத்தம் மொழியில் பெறும் உரிமையைத் தரவுச் சட்டமே அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்துக்கும் தந்திருக்கிறது. இயங்குகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கை அணைக்கும் வசதி கருவியில் இருக்கவே கூடாது. பொத்தானுக்கு முந்தைய அரை நிமிடச் சேமிப்பு அவசியம் என்று நிறுவனங்கள் வாதிட்டால், அது ஒலியில்லாமலும், பொத்தான் அழுத்தப்படாவிட்டால் அப்போதைக்கப்போதே அழிவதாகவும் இருக்க வேண்டும். மருத்துவ உதவி செய்யும் நேரத்திலும் கழிவறை வாசலிலும் பதிவு கூடாது. தரையிறங்கி மூன்று நாளுக்குள் புகார் வராவிட்டால் பதிவு அழிய வேண்டும். வந்தால் மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை இருக்கட்டும். விமான நிலைய வாசலில், முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜி யாத்திரைத் திட்டத்துக்காக எடுக்கும் முகப் படத்தைப் புறப்பட்ட 24 மணி நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொல்கிறார்கள். அதைவிடத் தாராளமாகத்தான் நான் கேட்கிறேன்.

குற்றம் சாட்டப்பட்ட பயணிக்கு முழுப் பதிவையும் வெட்டாமல் ஒட்டாமல் காட்ட வேண்டும். அதுபோலவே, பணியாளர் தன்னை அவமதித்தார் என்று பயணி புகார் கொடுத்தாலும் அதே பதிவைப் பாதுகாத்துவைக்க நிறுவனம் கடமைப்பட்டிருக்க வேண்டும். ஒருவழிச் சாட்சியை யாரும் நம்பமாட்டார்கள். பதிவில் விழுந்த மற்றவர்களின் முகங்களை மறைத்த பிறகே குழுவின் முன் வைக்க வேண்டும். முக அடையாள மென்பொருளோடு இந்தப் பதிவை எக்காலத்திலும் இணைக்கக் கூடாது. காவல்துறைக்கோ சுங்கத்துறைக்கோ வேண்டுமென்றால் நீதிமன்ற ஆணையோடு வரட்டும். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவு எதற்கும் சான்றிதழ் வேண்டும் என்பதால், கைமாறாமல் பூட்டியிருந்த பதிவுதான் நீதிமன்றத்திலும் நிற்கும். இந்தப் பூட்டு நிறுவனங்களுக்கும் நன்மைதான்.

கடைசியாக என் அண்ணன் மகள் கேட்டதை எழுதாமல் விட முடியாது. தீப்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அவள், "சித்தப்பா, இது எனக்காகப் பார்க்குமா, என்னைப் பார்க்குமா?" என்று கேட்டாள். நடத்துநராக இருந்தவனுக்கு இந்தக் கேள்வி உடனே விளங்கியது. தரவுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான காரணங்களுக்காகவும் நிறுவனத்தை நட்டத்திலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. பயணிக்காவது ஒரு கட்டத்தைத் தட்டும் மரியாதை உண்டு, அவளுக்கு அதுவும் இல்லை. இன்று பாதுகாப்புக்கு என்று குத்தப்படும் கேமரா, நாளை அவள் சிரித்தாளா, எத்தனை சிற்றுண்டிப் பொட்டலம் விற்றாள், பின்கட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள், சக ஊழியரிடம் மேலாளரைப் பற்றி என்ன சொன்னாள் என்று எண்ணத் தொடங்கினால் அதைத் தடுக்க இப்போது ஒரு வரிகூட இல்லை. அணிவதும் அணியாததும் பணியாளரின் விருப்பம் என்றும், இந்தப் பதிவை ஒழுங்கு நடவடிக்கைக்கோ பணி மதிப்பீட்டுக்கோ பயன்படுத்தக் கூடாது என்றும், பொத்தானை அழுத்தவில்லை என்பதற்காக எவர்மீதும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரக் கூடாது என்றும் விதியிலேயே எழுதுங்கள். அடி வாங்கிக்கொண்டிருப்பவருக்குப் பொத்தான் நினைவுக்கு வராது. எனக்கு விசில்கூட நினைவுக்கு வரவில்லை.

விதியின் வரைவை உங்கள் இணையதளத்தில் வெளியிட்டுக் கருத்துக் கேட்பது உங்கள் வழக்கம். இந்த வரைவு வருமானால் அதைத் தமிழிலும் வெளியிட்டு, எங்கள் ஊரிலும் ஒரு நேரடிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை இப்போது ஒரே மெட்ரோ ரயில் போகிறது. கூட்டத்தை மீனம்பாக்கத்தில் வைத்தாலும் வந்துவிடுவோம். மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு தீப்பெட்டியும் அங்கே கிடைத்தால் போதும், நான் மேலே எழுதியதை நீங்களே உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.